வடுவும் புண்ணும்: மோட்டார் சைக்கிளின் உலோக உறுப்புக்களைப் பொலிவுறச் செய்தல்

உடம்பின்மேற் காணப்படும் குறிகள் இருதிறத்தன. ஆறிய காயத்தின் அடையாளம் வடு எனப்படும். ஆறாது உள்ளே அரித்துச் செல்வது புண் எனப்படும். வடுவை மறைத்துக்கொள்வது அவரவர் விருப்பம். புண்ணை மறைப்பதோ பெருந்தீங்கு. மருத்துவர் முதற்கண் செய்யவேண்டுவது, தம் முன்னுள்ள குறி இவ்விரண்டனுள் யாது எனத் துணிதலேயாம். உலோகத்தால் ஆகிய பொறிகளுக்கும் இம்முறை பொருந்தும் என்பதை, மோட்டார் சைக்கிள் ஒன்றைச் செப்பனிட்ட எம் அனுபவத்தைக்கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், எம் விடுதி மாணவர் ஒருவர் புல்லட் வண்டியொன்றில் வரும்போது, ஈரச்சாலையில் வலப்பக்கமாகச் சறுக்கி வீழ்ந்தார். அவ்வண்டி அவருடைய தந்தையார் நெடுங்காலம் ஓட்டிப் போற்றியது; மகன் கல்லூரியிற் சேர்ந்தபோது மனமுவந்து கொடுத்தது. முழங்கையிற் சிறு சிராய்ப்பன்றி மாணவருக்கு வேறு ஊறில்லை. வண்டிக்கு நேர்ந்தனவோ பல: பெட்ரோல் டாங்கில் ஓர் ஒடுக்கு, இன்ஜின் மூடியிற் கீறல்கள், சைலென்சரில் ஒரு சாண் நீளத்திற்கு உராய்வு, முன் பிரேக் லீவரில் சிறு வளைவு. "கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போகுமுன், அப்பாவின் கண்ணுக்கு ஒன்றும் தெரியாதபடி செய்துவிட வேண்டும், ஐயா" என்று கூறி அவர் எம்மை அணுகினார். அவர் முகவாட்டத்தைக் கண்டு இசைந்தோம். மூன்று வாரகாலம் மாலை தோறும் கல்லூரிப் பட்டறையில் இவ்வேலை நடந்தது.

உலோகம் யாது என அறிதல்

1901-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ராயல் என்பீல்டு என்னும் பெயரோடு முதல் மோட்டார் சைக்கிள் வெளிப்போந்தது. 1955-இல் சென்னையில் என்பீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. பின்னர்த் திருவொற்றியூரிலேயே புல்லட் வண்டிகள் செய்யப்படலாயின. கடற்கரையை அடுத்த அவ்வூரில் பிறந்த வண்டிக்கு உப்புக்காற்று பிறவிப்பகை எனலாம். காற்றிலுள்ள உப்பு ஈரத்தோடு கூடி உலோகத்தின்மேற் படியுமாயின், துருவும் அரிப்பும் விரைந்து பரவும். ஆதலின் கடலோர ஊர்களில் வண்டியை நல்ல நீராற் கழுவி உலரத் துடைத்தலே எல்லாச் செப்பனிடுதலுக்கும் முந்திய செப்பமாகும்.

ஒளிரும் உறுப்புக்கள் எல்லாம் ஒரே உலோகத்தால் ஆயின என மயங்குதல் புதியோர் இயல்பு. அவை மூவகைப்படும். இன்ஜின் மூடிகளும் லீவர்களும் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் வார்க்கப்பட்டவை. சைலென்சர், ஹாண்டில் பார் முதலியன குரோமிய முலாம் பூசிய எஃகு. டாங்கும் மட்கார்டும் வண்ணம் பூசிய எஃகு. ஐயம் உண்டாயின் ஒரு சிறு காந்தத்தைத் தொட்டுப் பார்க்க. எஃகில் அது பற்றும், அலுமினியத்திற் பற்றாது. இவ்வெளிய சோதனையைச் செய்யாது தொடங்குவோர், ஒன்றற்குரிய மருந்தை மற்றொன்றற்கு இட்டுக் கெடுப்பர்.

நம் இல்லங்களில் பித்தளைப் பாத்திரத்தைப் புளியிட்டுத் துலக்குதல் வழக்கம். புளியிலுள்ள அமிலம் களிம்பைக் கரைத்தலின் பித்தளை பொன்போல் விளங்கும். அதனைக் கண்டு பழகிய எம் மாணவர், முதல்நாளே புளியும் சாம்பலும் கொணர்ந்தார். அவரைத் தடுத்தோம். சாம்பலும் சலவைச் சோடாவும் காரத்தன்மை உடையன. காரம் அலுமினியத்தை அரிக்கும். சாம்பலிட்டுத் துலக்கிய அலுமினியச் சட்டி கறுத்துப்போதலை அன்னையர் அறிவர். எஃகின் துருவைப் புளி நீக்குமாயினும், நன்றாகக் கழுவி உலர்த்தி எண்ணெய் தடவாவிடின், வெறும் எஃகில் மறுநாளே புதுத்துரு பூக்கும்.

அலுமினியத்திற் கீறல்

இன்ஜின் மூடியில் முதலில் கைவைத்தோம். அலுமினியம் காற்றுப்பட்ட அளவிலே தன்மேல் மெல்லியதோர் ஆக்சைடுப் படலத்தைப் போர்த்துக்கொள்ளும். அப்படலமே அதற்குக் கவசம்; ஆயின் காலம் செல்லச் செல்ல மங்கலும் வெண்புள்ளிகளும் தோன்றும். சில வண்டிகளில் ஆலையிலேயே மூடியின்மேல் நிறமற்ற வார்னிஷ் பூசப்பட்டிருக்கும். அது ஓரிடத்தில் உரிந்து ஓரிடத்தில் உரியாது நிற்குமாயின், எவ்வளவு தேய்ப்பினும் திட்டுத்திட்டாகவே தோன்றும். ஆகவே கையுறை அணிந்து, வண்ணம் நீக்கும் மருந்திட்டு அதனை முற்றும் களைதல் வேண்டும்.

ஆழ்ந்த கீறலின் இருமருங்கிலும் உலோகம் கரைபோல் எழுந்து நிற்கும். அக்கரையை மட்டும் நுண்ணிய அரத்தால் மெல்லத் தணிக்கவேண்டும். அலுமினியத்தூள் அரத்தின் பற்களில் அடைத்துக்கொண்டு புதுக்கீறல் விளைத்தல் உண்டு. அரத்தின்மேற் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக்கொண்டால் அத்தொல்லை குறையும். பின்னர்ப் பட்டறையில் வாட்டர் பேப்பர் என வழங்கும் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்க்கவேண்டும். யாம் 320-ஆம் எண் தாளில் தொடங்கி, 400, 600, 800, 1000, 1500 என ஏறினோம். எண் ஏற ஏறத் தாளின் மணல் நுண்ணியதாகும். தாள் மாறும்போதெல்லாம் முன் தேய்த்த திசைக்குக் குறுக்காகத் தேய்த்தல் வேண்டும். முன்னைத் தாளின் கோடுகள் முற்றும் மறைந்தபின்னரே அடுத்த தாளை எடுக்கலாம்; இடையே உறுப்பைக் கழுவுதலும் வேண்டும். பருந்தாளின் ஒரு மணல் எஞ்சியிருப்பினும், அது நுண்தாளின் கீழ்ப் புகுந்து மாலை முழுதும் செய்த வேலையைக் கெடுத்துவிடும். எம் மாணவர் 400-இலிருந்து 1000-க்குத் தாவ முயன்று, இரண்டு மாலைகளை இழந்து இப்பாடத்தைக் கற்றார்.

இறுதியிற் பருத்தித் துணியில் மெருகுக்குழம்பு இட்டுத் தேய்க்க, மூடி ஒளி பெற்றது. மின்னால் இயங்கும் பஃபிங் சக்கரத்தைப் பயன்படுத்துவோர் கண்ணாடியும் மூக்குத்திரையும் அணிக. தொங்கும் ஆடையும் தளர்ந்த கூந்தலும் சக்கரத்தின் அருகே வருதல் ஆகாது. நுண்ணிய அலுமினியத்தூள் தீப்பற்றும் இயல்புடையது. ஆதலின் அதனைக் குவியவிடாது அவ்வப்போது அகற்றுக. எஃகுக் கம்பித் தூரிகையால் அலுமினியத்தைத் தேய்ப்பின், எஃகுத் துகள்கள் அதனுட் பதிந்து பின்னர்த் துருப்புள்ளிகளாக வெளிப்படும்; அதுவும் தவிர்க்கற்பாலது.

மூடியின் ஓரத்தில் மிக ஆழ்ந்த பழங்கீறல் ஒன்றும் இருந்தது. அதனை முற்றும் நீக்கின் அவ்விடத்து உலோகம் மெலியும். பக்கத்து மறைதுளையும் கெடும். அது வடுவேயாதலின் அதனை அவ்வாறே விட்டோம். மாணவருக்கு அது மனக்குறையே.

முலாம் பூசிய எஃகு

ஈண்டு எம் பிழையொன்றையும் மறையாது கூறல் கடனாகும். இன்ஜின் மூடியில் பெற்ற வெற்றியால் ஊக்கமுற்று, அதே 400-ஆம் எண் தாளைச் சைலென்சரின் உராய்விலும் யாமே இட்டுத் தேய்த்தோம். சிறிது பொழுதில் நீலம் கலந்த வெள்ளொளி மறைந்து, மஞ்சட் சாயலுள்ள மங்கலான திட்டு தோன்றிற்று. யாம் கண்டது குரோமியத்தின் கீழிருந்த நிக்கல். குரோமியம் அவ்விடத்தில் நீங்கிவிட்டது. அதனை மீட்க எந்த மெருகாலும் ஒல்லாது.

காரணம் இது. 1797-இல் பிரெஞ்சு நாட்டு வோக்குலன் என்னும் இரசாயன அறிஞர் கண்டறிந்த குரோமியம், 1920-களிலிருந்து முலாமாக வாணிகத்தில் வழங்கலாயிற்று. அழகு முலாமில் எஃகின்மேல் நிக்கலும் (சிலவற்றில் அதற்கும் கீழே செம்பும்), அதன்மேற் குரோமியமும் மின்சாரத்தாற் படியவைக்கப்படும். குரோமியத்தின் தடிப்பு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் 4,000-இல் ஒரு பங்கே. அது மிகக் கடியதாயினும் மிக மெல்லியது. துருவைத் தடுக்கும் கவசம் பெரும்பாலும் நிக்கலே. அதன் நுண்துளைகளின் வழியே ஈரம் புகுந்தவிடத்து, அடியிலுள்ள எஃகு துருவேறிப் புள்ளியாக வெளிப்படும்.

ஆகவே முலாமிற்குரிய முறை தேய்த்தலன்று, துடைத்தலேயாம். மிட்டாய் சுற்றிவரும் அலுமினியத் தாளை நீரில் நனைத்து மெல்ல உரசினால், மேலோட்டமான துரு நீங்கும். அலுமினியம் குரோமியத்தினும் மெல்லியல்பு உடையதாகலின் முலாமைக் கீறாது. பின்னர்க் கழுவி உலர்த்தி மெழுகு பூசின், நுண்துளைகளிற் சிறிதுகாலம் ஈரம் புகாது. முலாம் உரிந்து எஃகு குழிவிழுந்திருப்பின், பழைய முலாமை நீக்கிப் புதிது பூசுவித்தலே வழி. அதனை மாணாக்கர் தாமே செய்ய முயலற்க. முலாம் தொட்டியிலுள்ள குரோமிக அமிலம் கொடிய நஞ்சு, புற்றுநோய் விளைக்கவல்லது. குரோமேட்டுத் தொழிற்சாலைக் கழிவு இராணிப்பேட்டையில் நிலத்தையும் நிலத்தடிநீரையும் கெடுத்த வரலாற்றைத் தமிழ்நாட்டார் மறத்தல் இயலாது. பழுதற்ற முலாமைக் காத்து, மீண்டும் முலாமிடும் தேவையைக் குறைத்தலும் ஒரு நன்மையே.

சைலென்சரோடு இணைந்த புகைக்குழலில் பொன்னிறமும் ஊதாவும் நீலமும் படர்ந்திருத்தலைப் பலர் கண்டிருப்பர். வெப்பத்தால் உலோகத்தின்மேல் உண்டாகும் ஆக்சைடுப் படலத்தின் தடிப்புக்கு ஏற்ப அந்நிறங்கள் தோன்றும். நீரின்மேற் பரந்த எண்ணெயில் நிறங்கள் தோன்றுவதை ஒக்கும் இது. மெருகிட்டால் ஓரளவு நீங்கும். ஆயின் முன்னில்லாத நீலம் திடீரெனப் படர்ந்ததாயின், இன்ஜின் அளவிற்கு மிஞ்சிச் சூடேறுகின்றதோ என ஆராய்தல் வேண்டும். எரிகலவையிற் பெட்ரோல் குறைதலும் தீப்பொறியின் காலம் பிறழ்தலும் அதற்குக் காரணமாகலாம். அறிகுறியை அழித்துவிட்டு நோயை வளரவிடுதல் அறிவுடைமையன்று.

டாங்கின் ஒடுக்கு

முன்னாளில் தெருத்தோறும் வந்து பாத்திரங்களுக்கு ஒடுக்கெடுப்போர், உட்புறம் ஓர் இரும்பைத் தாங்கி வெளிப்புறம் மெல்லத் தட்டுவர். பெட்ரோல் டாங்கில் உட்புறம் கை புகாமையின் அது பெரும்பாலும் இயலாது. நெருப்பிட்டுப் பற்றவைத்து இழுக்கலாமே எனச் சிலர் எண்ணுவர். ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறுகின்றோம். பெட்ரோல் நிறைந்த டாங்கினும், வடித்துக் காலியாக்கிய டாங்கே வெடித்தற்கு எளிது. நிறைந்ததனுட் காற்றுக்கு இடமில்லை. காலியானதனுள்ளோ எஞ்சிய ஆவி காற்றோடு கலந்து நிற்கும். காற்றில் பெட்ரோல் ஆவி நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு முதல் ஏழரைப் பங்கு வரை இருப்பின், ஒரு பொறியே வெடிப்பிற்குப் போதும். டாங்கில் நெருப்பு வேலை, அதனை முறைப்படி தூய்மை செய்யும் வசதியுள்ள தேர்ந்த பட்டறையாருக்கே உரியது.

எம் டாங்கின் ஒடுக்கு ஆழமற்றது. எஃகு கிழியவில்லை, கசிவும் இல்லை. ஆதலின் அது வடு எனத் துணிந்து, பட்டி பார்த்தலே போதும் என முடிவு செய்தோம். டாங்கைக் கழற்றித் திறந்த வெளியிற் பெட்ரோலை வடித்து, வாய்களை இறுக மூடி, ஒடுக்கைச் சுற்றியிருந்த வண்ணத்தை எஃகு தெரியுமட்டும் பருந்தாளாற் கையாலேயே நீக்கினோம். பட்டியில் இறுகுமருந்தைக் கலந்து மெல்லிய அடுக்குக்களாக இட்டோம். ஒரே முறையில் தடிப்பாக இடின் உள்ளே காற்றுக்குமிழிகள் தங்கும். நாளடைவில் வெடிப்பும் உண்டாகலாம். இறுகியபின் உள்ளங்கையால் தடவிப் பார்த்து, மேடு தணித்து, பிரைமர் பூசி, நுண்தாளால் தேய்த்து, வண்ணத்தை மெல்லிய பூச்சுக்களாக அடித்தோம். மேடுபள்ளங்களைக் காண்பதிற் கண்ணினும் கையே தேர்ந்தது என்பதை அன்று உணர்ந்தோம்.

புண்ணைக் காணும் வழி

இறுதியாக எஞ்சியது பிரேக் லீவர். மாணவர் அதனை ஒரு சிறு வேலையாகவே கருதி இறுதிக்கு ஒதுக்கியிருந்தார். அதன் அடிப்பகுதியில், முளை புகும் துளைக்கருகே, மயிரிழைபோல் ஒரு கோடு. "இதுவும் கீறலே, ஐயா, வளைவை நிமிர்த்தி, 600-ஆம் எண் தாளால் இரண்டு முறை தேய்த்தால் மறைந்துவிடும்" என்றார். அவர் கூற்று ஒருவகையில் உண்மையே. தேய்த்தால் அது கண்ணுக்கு மறைந்திருக்கும்.

யாம் தேய்க்கவிடவில்லை. பண்டை நாளில் இரயில்வேப் பட்டறைகளில் அச்சுக்களின் விரிசலைக் காணக் கையாண்ட முறையொன்றைச் செய்துபார்த்தோம். லீவரை அழுக்கறத் துடைத்து, மண்ணெண்ணெயிற் சிறிது எண்ணெய் கலந்து பூசி, கால்மணி நேரம் ஊறவிட்டோம். பின்னர் உலரத் துடைத்துச் சுண்ணக்கட்டித் தூளை மெல்லிதாகத் தூவினோம். கீறலாயின் அதிலுள்ள எண்ணெய் துடைக்கும்போதே நீங்கிவிடும். விரிசலாயின் ஆழத்திற் புகுந்த எண்ணெய் மெல்ல மேலே கசிந்து வெண்தூளை நனைக்கும். சிறிது நேரம் மூவரும் பேசாது பார்த்திருந்தோம். வெண்மையின் நடுவே கரிய கோடொன்று எழுந்தது. அது யாம் கண்ட மயிரிழையோடு நில்லாமல், துளையைச் சுற்றிப் பாதியளவும் சென்றது.

வார்ப்பு அலுமினியம் எஃகுபோல் வளைந்து நிமிரும் இயல்புடையதன்று. விழுந்தபோது ஒருமுறை வளைந்தது. நிமிர்த்தின் மறுமுறையும் வளைக்கின்றோம். விரிசலுடைய லீவர் நாள்தோறும் மெல்லப் பிடிக்கும்போது தாங்கி நிற்கும்; குறுக்கே ஒரு குழந்தை ஓடிவரும் நாளில், முழு வலிமையோடு பிடிக்கும்போதே ஒடியும். ஆகவே வளைந்த லீவர், வளைந்த ஹாண்டில் பார், விரிசல் கண்ட புட்ரெஸ்ட் ஆகியவற்றைப் பொலிவுசெய்ய எண்ணற்க, மாற்றுக. இச்சோதனையிற் கோடு தோன்றாமையால் மட்டும் உறுப்பு நன்றெனத் துணிதலும் கூடாது. உள்ளேயே அடங்கிய விரிசலை இது காட்டாது.

முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்குழலின் துருப்புள்ளிகளும் இத்தகையனவே. எண்ணெய்ச் சீல் ஏறியிறங்கும் இடத்திற்கு அப்பாலுள்ள புள்ளி வடு. அச்சீல் உராயும் இடத்திலுள்ள புள்ளியோ, சிறிதாயினும், ரப்பரைக் கிழித்து எண்ணெயைக் கசியவிடும். அவ்வெண்ணெய் பிரேக்கின்மேற் படியின் வண்டி நில்லாது. மெருகும் மெழுகும் பிரேக்கின் தட்டிலோ டயரிலோ படாதபடி காத்தலும் இதுபற்றியே.

முடிவுரை

புது லீவர் வாங்கிப் பொருத்தினோம். அதன் விலை, யாம் தேய்த்துத் தீர்த்த தாள்களின் விலையோடு ஒப்பிடத்தக்கதே. மாணவர் விடுமுறைக்கு ஊர் சென்று மீண்டபோது நிகழ்ந்ததைக் கூறினார். தந்தையார் வண்டியைச் சுற்றிவந்து, டாங்கைத் தடவினார்; ஒன்றும் சொல்லவில்லை. மூடியோரத்துப் பழங்கீறலைப் பெருவிரலால் தொட்டு, அது தம் கையால் விழுந்தது என்றார். பின்னர்ப் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தவர், "இது புதிதாயிற்றே, எப்போது விழுந்தாய்?" என வினவினார். மகன் மறைக்கவில்லை. தந்தையார் சினக்கவும் இல்லை; "பழைய லீவர் எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

அது எம் ஆய்வுக்கூடத்து மேசைமேல் இருக்கின்றது. சுண்ணத்தூளின் நடுவே அக்கரிய கோடு இன்னும் தெரிகின்றது. உப்புத்தாளைக் கையில் எடுக்குமுன் அதனை ஒருமுறை வந்து பார்க்குமாறு மாணவ நண்பர்களை வேண்டுகின்றோம்.